ஒரு வண்டி, இரண்டு டேங்க்: தெரிந்துகொண்டு ஓட்டுவோம்



காய்கறி, பால், பூ என்று எதை விற்றாலும் வண்டி வாடகைதான் நம் லாபத்தில் பாதியைத் தின்கிறது. அதனால், "குழுக்கடன் வாங்கி சொந்தமா ஒரு லோடு வண்டி எடுக்கலாமா?" என்ற பேச்சு பல குழுக்களில் வருகிறது. இப்போது பெட்ரோல், சி.என்.ஜி. கேஸ் இரண்டிலும் ஓடும் சிறிய லோடு வண்டிகள் விற்பனைக்கு உள்ளன. வாங்கும் முன் அவை எப்படி ஓடுகின்றன என்று தெரிந்துகொள்வோம்.

எப்படி வேலை செய்கிறது?

வண்டியில் ஒரு பெட்ரோல் டேங்க், ஒன்றோ அதற்கு மேலோ கேஸ் சிலிண்டர் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் டேங்க் 5 லிட்டர்தான். அது அவசரத்துக்கு மட்டும்.

சிலிண்டரில் கேஸை 200 பார் அழுத்தத்தில் அடைக்கிறார்கள். அதை அப்படியே இன்ஜினுக்கு அனுப்ப முடியாது. நடுவில் உள்ள ரெகுலேட்டர் அழுத்தத்தைக் குறைத்து அனுப்புகிறது. டிரைவர் முன்னால் ஒரு சுவிட்ச் இருக்கும். அதைக் கேஸ் பக்கம் வைத்தால் பெட்ரோல் நின்று கேஸ் போகும். கேஸ் தீர்ந்தால் பல வண்டிகள் தானாகவே பெட்ரோலுக்கு மாறிவிடும்.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம்!

நமக்குத் தெரிந்த ஒரு குழுவில் வண்டி நன்றாக ஓடியும் தவணை கட்டப் பணம் போதவில்லை. "தினம் ஓடுதே, காசு எங்கே போச்சு?" என்று மாதக் கூட்டத்தில் வாக்குவாதம். டிரைவர் மேல் சந்தேகம். பிறகு பில்களை அடுக்கிப் பார்த்தார்கள். கேஸ் பில்லைவிட பெட்ரோல் பில்தான் அதிகம். கேஸ் பங்கில் வரிசை நீளம் என்று டிரைவர் தம்பி வந்துவிடுவார். வண்டி பெட்ரோலில் ஓடும். வண்டி நிற்காததால் யாருக்கும் தெரியவில்லை. திருட்டு இல்லை, கவனக்குறைவுதான். அன்றிலிருந்து ட்ரிப் நோட்டு எழுதுகிறார்கள். கேஸ் பங்குக்கு விடியற்காலையில் போகிறார்கள்.

கணக்கு போடுவது எப்படி?

கேஸ் கிலோ கணக்கில் விற்கப்படுகிறது. 60 லிட்டர் சிலிண்டர் என்றால் அது தண்ணீர் கொள்ளளவு. ஏறும் கேஸ் சுமார் 9 முதல் 10 கிலோதான். சிலிண்டரை நிரப்பி கிலோமீட்டரைக் குறியுங்கள். கேஸிலேயே ஓட்டி மறுபடி நிரப்புங்கள். 8 கிலோ பிடித்து 144 கிலோமீட்டர் ஓடியிருந்தால் கிலோவுக்கு 18 கிலோமீட்டர். ஒரு கிலோ விலையை 18-ஆல் வகுத்தால் ஒரு கிலோமீட்டர் செலவு வந்துவிடும். பெட்ரோலுக்கும் இப்படியே பாருங்கள்.

கவனிக்க வேண்டியவை

• கேஸில் இழுவை சற்றுக் குறையும். மலைப்பாதையில் முழு லோடுடன் ஏறும்போது பெட்ரோலுக்கு மாற்றுவது நல்லது. சிலிண்டர் எடைக்கு ஏற்ப ஏற்றும் சரக்கும் குறையும்.

• பெட்ரோல் டேங்கைக் காலியாக விடாதீர்கள். டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர வைப்பது பெட்ரோல்தான்.

• சிலிண்டரை 3 வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். பழைய வண்டி வாங்கினால் சோதனைத் தேதியை முதலில் பாருங்கள்.

• வெளியில் கேஸ் கிட் மாட்டினால் ஆர்.சி. புத்தகத்திலும் இன்சூரன்ஸிலும் பதிய வேண்டும். பதியாவிட்டால் விபத்தின்போது இழப்பீட்டுக்குச் சிக்கல்.

• வீட்டு சமையல் சிலிண்டரை வண்டிக்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். உயிருக்கும் ஆபத்து.

• கேஸ் நிரப்பும்போது எல்லோரும் இறங்கிவிட வேண்டும். வாடை வந்தால் இன்ஜினை அணைத்து, சிலிண்டர் வால்வை மூடி, தள்ளி நில்லுங்கள். சி.என்.ஜி. காற்றைவிட லேசானது, மேலே போய்விடும். ஆனால் மூடிய ஷெட்டில் கூரைக்கடியில் தங்கும். எனவே காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

1. நம் ஊரிலிருந்து கேஸ் பங்கு எத்தனை கிலோமீட்டர்? போய்வரும் செலவு என்ன?
2. மாதம் எத்தனை ட்ரிப் உறுதியாகக் கிடைக்கும்?
3. ட்ரிப் நோட்டை யார் எழுதுவது?

இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு கடன் மனுவில் கையெழுத்துப் போடுவோம். வண்டி ஓட்டுவது டிரைவராக இருக்கலாம். கணக்கு நம் கையில் இருக்கட்டும்!