நம் கடைத்தெருச் சாலை யார் பொறுப்பு? – வணிகர் அறிய வேண்டிய பாடம்

ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக நாட்றாம்பாளையம் வரும் மளிகைச் சரக்குக்கு வண்டி வாடகையைத் தீர்மானிப்பது தூரம் மட்டுமன்று, சாலையும்தான். குண்டும் குழியுமான பாதையில் டீசல், டயர், நேரம் மூன்றும் வீணாகின்றன. எண்ணெய் டின் நசுங்குகிறது, முட்டை உடைகிறது. அந்த நட்டம் யாருடைய பேரேட்டில் ஏறுகிறது? நம்முடையதில்தான். ஆகவே சாலை எப்படிப் பராமரிக்கப்படுகிறது என்பதை வணிகர் அறிவது அவசியம்.

1. எந்தச் சாலை யாருடையது?

"ரோடு சரியில்லை" என்று ஊராட்சி அலுவலகத்தில் முறையிடுவது நம் வழக்கம். ஆனால் எல்லாச் சாலையும் ஊராட்சியுடையது அன்று. தேசிய நெடுஞ்சாலை மத்திய அரசைச் சார்ந்தது. மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலைகள் ஆகியவை மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. குக்கிராமங்களை இணைக்கும் சாலைகள் ஊராட்சி ஒன்றியத்தையும், ஊருக்குள் இருக்கும் தெருக்கள் கிராம ஊராட்சியையும் சார்ந்தவை. கிலோமீட்டர் கல்லின் தலை நிறம் ஓர் அடையாளம்: மஞ்சள் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு கிராமச் சாலை. தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு அங்கேயே தூங்கும்.

நம் பகுதிக்கு இன்னொன்றும் உண்டு. சுற்றிலும் காப்புக்காடு, 2014-இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் சாலையை அகலப்படுத்த வன அனுமதி வேண்டும். புதிய அகலச் சாலைக்குக் காத்திருப்பதைவிட, இருக்கும் சாலையைக் காப்பதே நமக்கு விரைவான வழி.

2. பணம் எங்கிருந்து வருகிறது?

1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி வீட்டு வரி, தொழில் வரி ஆகியவை கிராம ஊராட்சியின் சொந்த வருவாய். தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை செலுத்த வேண்டும். ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்பது அரசியல் சட்ட வரம்பு. இவற்றுடன் மாநில, மத்திய நிதிக்குழு மானியங்கள் சேரும். 15-ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு வழங்கிய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என ஒதுக்கப்பட்டது. தெரு, சிறுபாலம் போன்றவற்றுக்கு மீதி 40 சதவீதத்திலிருந்துதான் எடுக்க முடிந்தது. ஆகவே நாம் கட்டாத வரி, நம் தெருவில் போடப்படாத ஜல்லி.

3. சாலையைக் கெடுப்பது எது?

முதல் எதிரி தண்ணீர். சாலையின் நடுப்பகுதியைச் சற்று உயர்த்திப் போடுவது மழைநீர் இருபுறமும் வழிந்து ஓடத்தான். ஓரச் சாக்கடை அடைபட்டால் நீர் தேங்கி, தாரின் அடியில் இறங்கி, ஜல்லியைப் பெயர்க்கிறது. கடை வாசலில் சாக்கடையை மண் போட்டு மூடிச் சாய்தளம் அமைப்பவர் யார் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

இரண்டாவது எதிரி அளவுக்கு மீறிய பாரம். அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் கண்ட கணக்கு இது: அச்சின் சுமை இரு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் சுமார் 16 மடங்காகும். ஒரே நடையில் ஏற்றிவிடலாம் என்று நாம் மிச்சப்படுத்தும் வாடகையைச் சாலை பல மடங்காகத் திரும்ப வாங்கிவிடும்.

மூன்றாவது, குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளம். மண்ணை அடுக்கடுக்காகக் கெட்டிப்படுத்தாமல் மூடினால் அடுத்த மழையில் அமிழும்.

4. நாம் செய்யத்தக்கவை

1997-98-இல் தொடங்கி, 2021-22-இல் மீண்டும் கொண்டுவரப்பட்ட 'நமக்கு நாமே' திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியை அரசு தரும். உதாரணமாக, 3 லட்ச ரூபாய் சாக்கடை வேலைக்கு நம் பங்கு 1 லட்சம். 50 கடைகள் சேர்ந்தால் கடைக்கு 2,000 ரூபாய்!

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடுகிறது. வரவு செலவைக் கேட்கவும், தீர்மானம் கொண்டுவரவும் அதுவே இடம். நம் மாவட்டத்தில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். தலைவர் இருப்பினும், தனி அலுவலர் இருப்பினும், கேட்கும் உரிமை நம்முடையதே.

மழைக்காலத்துக்கு முன் ஒரு ஞாயிறு காலை, ஒவ்வொருவரும் தம் கடை முன் உள்ள சாக்கடையைத் திறந்து பார்ப்போம். இது காசு செலவில்லாத பராமரிப்பு. வரி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவரின் குரலுக்குத் தனி மதிப்பு உண்டு என்பதை வணிகப் பெருமக்கள் மறக்க வேண்டாம்.