பழைய மென்பொருளும் புதிய அமைவுக் கருவியும்

இடத்துக்கிடம் மாறும் விவரங்களை நிரலினுள் எழுதாது, அமைவுக் கோப்பு எனும் தனிக் கோப்பில் எழுதிவைத்தல் மென்பொருள் ஆக்குவோர் வழக்கம். தரவுத்தளத்தின் முகவரியும் கடவுச்சொல்லும் அத்தகையன. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2002 இல் வெளியிட்ட டொட் நெட் சட்டகத்தில், இணையச் செயலிகளுக்குரிய இக்கோப்பு 'வெப்.கொன்பிக்' எனப் பெயர் பெறும். இம்முறையில் ஒரு குறை உண்டு. கோப்பைப் படியெடுப்போர் அனைவர் கையிலும் கடவுச்சொல்லும் சேர்ந்தே செல்கின்றது.

இக்குறை நீங்கச் செயலி முழுவதையும் புதிதாக எழுதல் வேண்டுமோ எனின், வேண்டுவதில்லை. 2017 இல் வந்த 4.7.1 ஆம் பதிப்பு, 'அமைவு ஆக்கிகள்' எனும் கருவிகளுக்கு வழிசெய்தது. அமைவு வாசிக்கப்படுங்கால், கோப்பிலுள்ள பெயருக்குரிய பெறுமானத்தை இக்கருவி கணினியின் சூழல் மாறியிலிருந்தோ, இரகசியங்களைக் காக்கும் பெட்டகச் சேவையிலிருந்தோ பெற்று நிரப்பும். பழைய நிரல் முன்போலவே வினவும். விடை மட்டும் வேறிடத்திலிருந்து வரும்.

இயல்பு நிலையில் இக்கருவி, கோப்பில் ஏலவே உள்ள பெயர்களுக்கே பெறுமானம் தேடும். ஆதலின் பெயரை நிறுத்தி, கடவுச்சொல்லை மட்டும் அகற்றுதல் வேண்டும். முன்னரே பலர் கைக்குச் சென்ற கடவுச்சொல்லைக் கருவி மீட்டுத் தராது. அதனை உடனே மாற்றுதல் வேண்டும் என்பதையே நாம் மாணவர்க்குச் சிறப்பாக வற்புறுத்துகின்றோம்.