நழுவிய பிளவு எது?

2012ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆம் நாள் பிற்பகல், சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 பருமனுடைய புவிநடுக்கம் நிகழ்ந்தது. 2004இன் ஆழிப்பேரலையை மறவாத நம் கரையோர மக்கள் மேட்டுநிலம் நாடி விரைந்தனர். ஆயின், பெருந்தீங்கு செய்யும் அலை எழவில்லை. காரணம் யாது? 2004இல் கடற்றரையை மேலுயர்த்திய பிளவு வேறு. 2012இல் பக்கவாட்டில் நழுவிய பிளவு வேறு. ஆதலின் நடுக்கத்தின் பருமனோடு அதன் மூலப்பிளவையும் அறிதல் வேண்டும்.

அஃது எளிதன்று. நடுக்க அலைகளின் முதலசைவை ஆராயின், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு தளங்கள் கிடைக்கும். அவற்றுள் நழுவியது எது என்பதை அவ்வசைவு உரைப்பதில்லை. இங்கே துணைபுரிவது தகைப்பு மாற்றக் கணிப்பாகும்.

பலகைமேல் வைத்த செங்கல்லை ஒரு கை அழுத்த, மறுகை பக்கவாட்டில் தள்ளுவதாகக் கொள்வோம். தள்ளுவிசை கூடினும் கல் நகரும்; அழுத்தும் கை தளரினும் நகரும். பிளவும் அத்தகையதே. நழுவுதிசையிற் கூடிய தகைப்போடு, பிளவின் இரு முகங்களையும் நெருக்கும் தகைப்புக் குறைந்த அளவை உராய்வுக் குணகத்தாற் பெருக்கிக் கூட்டினால் வருவதே கூலோம் தகைப்பு மாற்றம். அது நேராயின் பிளவு நழுவலை நெருங்கியது, மறையாயின் விலகியது. பத்து மீற்றர் ஆழ நீரின் அமுக்கத்தளவு மாற்றமே, எல்லையை எட்டிநிற்கும் பிளவை நழுவச்செய்யப் போதும்.

முந்திய நடுக்கம் ஐயத்துக்குரிய இரு தளங்களிலும் விளைத்த மாற்றத்தை அறிஞர் கணிப்பர். செங்குத்துத் தளங்களில் நழுவுதிசைத் தகைப்பு மாற்றம் சமமாதலின், நெருக்கும் தகைப்பே வேறுபாடு காட்டும். அதுவும் தெளிவுதராவிடின், ஒவ்வொரு தளமும் நழுவியதாகக் கொண்டு, சுற்றயலில் தகைப்புக் கூடும் இடங்களைப் பின்னதிர்வுகளின் இடங்களோடு ஒப்பிடுவர். தொலைவில் இரு விடைகளும் ஒத்திருக்கும். பிளவுக்கு அண்மையிலேதான் வேறுபடும்.

2012இன் மூலம் ஒரு பிளவன்று. ஏறக்குறையச் செங்குத்தாக ஒன்றையொன்று வெட்டும் பல பிளவுகள் என்பது அலைப்பதிவுகளாலும் பின்னதிர்வுகளாலும் புலனாயிற்று. 2004இன் நடுக்கம் அப்பகுதியில் தகைப்பை ஏற்றியிருந்தமையைக் கணிப்புகள் காட்டின.

வருவதை உணர்த்தவும் இக்கணிப்பு உதவும். சுமாத்திராவையடுத்த பிளவுகளில் தகைப்புக் கூடியுள்ளதென 2005 மார்ச்சு 17இல் மக்கிளொஸ்கி முதலியோர் எழுதினர். பதினொரு நாளில் நியாசுத் தீவருகே 8.6 பருமனுடைய நடுக்கம் நிகழ்ந்தது. அவர்கள் நாளைக் குறித்திலர், இடத்தையே சுட்டினர். நாளறியா நமக்கு, இடமறிந்து விழித்திருத்தலே காப்பாகும்.