கார்த்தேஜ் மண்ணில் உப்பு தூவினார்களா?

கேள்வி: ரோமானியர்கள் கார்த்தேஜை அழித்து, இனி ஒரு புல்கூட முளைக்கக் கூடாது என்று உப்பு தூவினார்களாமே? இன்று அங்கே பார்க்க ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

பதில்: உப்புக் கதையை அந்தக் கால எழுத்தாளர் ஒருவர்கூடச் சொல்லவில்லை. பின்னாளில் ஒட்டிக்கொண்டது அது. ஆனால் அழிவு நிஜம், கொடூரமான நிஜம். கி.மு. 149இல் தொடங்கிய முற்றுகை 146இல் முடிந்தபோது, நகரின் நடுவிலிருந்த பிர்சா குன்று வரை வீடு வீடாகச் சண்டை நடந்தது. 50,000 பேர் சரணடைந்து வெளியே வந்ததாகப் பண்டைய வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார்; அவர்கள் அடிமைகளானார்கள்.

இவ்வளவு அழிவிலும் பழைய நகரின் ஒரு பகுதி மிஞ்சியது எப்படி என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. பின்னர், பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ரோமானியர்களே அங்கு புது நகரம் கட்டினார்கள். அதற்காகப் பிர்சாவின் உச்சியைச் சீவிச் சமன்செய்து, மண்ணைச் சரிவில் தள்ளினார்கள். அந்த மண்ணே கீழே இருந்த பழைய வீடுகளை மூடிக் காப்பாற்றிவிட்டது! அகழ்ந்தபோது குறுகலான தெருக்கள், தரைக்கடியில் மழைநீர்த் தொட்டிகள், சாந்து பூசிய சுவர்கள் எல்லாம் அப்படியே கிடைத்தன.

220 போர்க்கப்பல்கள் நின்றதாகச் சொல்லப்படும் வட்டத் துறைமுகம் இன்று அமைதியான ஒரு குளம். 1979 முதல் கார்த்தேஜின் இடிபாடுகள் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். துனிசியாவின் தலைநகர் துனிஸிலிருந்து உள்ளூர் ரயிலிலேயே போகலாம்; முதலில் பிர்சாவுக்கு ஏறுங்கள்.