கணக்கர் கல்வி முடிவதில்லை

ஒருமுறை பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்டால் சங்கக் கணக்கர் மேலும் கற்க வேண்டுவதில்லை என்னும் எண்ணம் நம் கூட்டுறவாளரிடையே பரவியுள்ளது. அவ்வெண்ணம் பொருந்தாது. பற்று, வரவு எழுதும் முறை மாறாமல் இருக்கலாம்; வரி விதிகளோ அடிக்கடி மாறுகின்றன. மாறியதை அறியாத கணக்கர் எத்துணை நேர்மையாளராயினும், அவரது ஏடு சங்கத்துக்கு நட்டத்தையே தேடித் தரும்.

சரக்கு சேவை வரி 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபொழுது பட்டாசுக்கு விகிதம் 28 விழுக்காடு. அதே ஆண்டு நவம்பர் 15 முதல் அது 18 ஆயிற்று. ஜூலையில் கற்ற பட்டியல் ஐந்தாம் மாதத்திலேயே சிவகாசிக் கணக்கருக்குப் பயன்படாது போயிற்று.

அதே நவம்பர் 15 அன்று பருத்திக்கும் ஒரு புதிய விதி வந்தது. விவசாயியிடம் பருத்தி வாங்கும் பதிவுபெற்ற வணிகரோ சங்கமோ, அதற்குரிய வரியைத் தாமே செலுத்துதல் வேண்டும். 1,00,000 ரூபாய்க்குப் பருத்தி வாங்கினால், 5 விழுக்காட்டு விகிதத்தில் வரி 5,000 ரூபாய். இதனை அறியாது ஓராண்டு கடந்தால், 18 விழுக்காட்டு வட்டியாக 900 ரூபாய் சேரும். அவ்வட்டி உறுப்பினர் அனைவருக்கும் உரிய பணத்திலிருந்தே போகிறது.

நெசவாளர் சங்கங்களுக்கும் இத்தகைய விதி உண்டு. நூல் வாங்குகையில் கொடுத்த வரியைத் துணி விற்பனைக்குரிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குக் கெடு உண்டு. 2022-இல் செய்யப்பெற்ற திருத்தப்படி, நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30-க்குள், ஆண்டறிக்கையை அதற்குமுன் தாக்கல் செய்திருப்பின் அந்நாளுக்குள், கழிவைக் கோருதல் வேண்டும். கெடு தவறினால் உரிமையும் போயிற்று.

பட்டயக் கணக்கர்களே தொடர்ந்து கற்கக் கடமைப்பட்டவர்கள். தொழில் நடத்தும் சான்று பெற்று 60 வயதுக்குட்பட்டோர், 2023 முதல் 2025 வரையிலான மூன்றாண்டுகளில் 120 மணிநேரம் பயில வேண்டுமென அவர்களது கழகம் விதித்தது. அவற்றுள் 60 மணிநேரமேனும் முறையான வகுப்புகளாக இருத்தல் வேண்டும். அக்கழகத்தின் கிளை சிவகாசியிலும் உள்ளது. பட்டம் பெற்றவருக்கே இவ்விதி என்றால், நம் சங்கக் கணக்கருக்கு இது எத்துணை இன்றியமையாதது!

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844-இல் நெசவாளர் முதலான தொழிலாளர் தொடங்கிய சங்கம், பின்னாளில் தன் மிச்சத்தில் இரண்டரை விழுக்காட்டைக் கல்விக்கென ஒதுக்கிற்று. கல்விச் செலவு வீண்செலவன்று என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

சங்கங்கள் செய்யத்தக்கவை:

1. மாதம் அரை நாளேனும் கணக்கர் புதிய சுற்றறிக்கைகளையும் அறிவிக்கைகளையும் படிக்க ஒதுக்குக.

2. விதி, அது நடைமுறைக்கு வந்த நாள், அதனால் மாறும் கணக்குத் தலைப்பு ஆகிய மூன்றையும் தனிக் குறிப்பேட்டில் எழுதி, நிர்வாகக் குழுக் கூட்டத்தில் படிக்கச் செய்க.

3. பயிற்சி வகுப்புக்கு அனுப்புங்கால் பயணப்படியும் அந்நாள் ஊதியமும் வழங்குக. கற்றதை மற்றோர் ஊழியருக்கும் கற்பிக்கச் செய்க.

பேரவையில் உறுப்பினர் பங்கு ஈவைப் பற்றிக் கேட்பது வழக்கம். “இவ்வாண்டு நம் கணக்கர் புதிதாகக் கற்றது யாது?” என்றும் கேட்பாராக. அவ்வினாவுக்கு விடையுள்ள சங்கத்தில் ஈவுக்கும் காப்பு உண்டு.