பெயர் மாறும் இடத்தில்தான் பணம் மாற வேண்டும்

கேள்வி: இணையத்தில் பழைய கார் விளம்பரம் ஒன்று பார்த்தேன். 2018 மாடல் ஸ்விஃப்ட், பி.ஒய்.-01 பதிவு, சிங்கிள் ஓனர். விழுப்புரம், திண்டிவனத்தில் விசாரித்த விலையைவிட ஒரு லட்சம் குறைவு. விற்பவர் ராணுவத்தில் இருக்கிறாராம். திடீர் மாற்றல் என்கிறார். ஆர்.சி. புக், அடையாள அட்டைப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 5,000 ரூபாய் அட்வான்ஸ் போட்டுவிட்டேன். இப்போது வண்டியை லாரியில் ஏற்றி அனுப்ப 20,000 கேட்கிறார். வண்டி வந்ததும் விலையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார். அனுப்பலாமா? இணையத்தில் கார் வாங்குவதே தப்பா ஐயா?
– வாசகர், பனமலை

பதில்: அனுப்பாதீர்கள். இந்த 20,000 போனால் அடுத்து இன்சூரன்ஸ், அதற்கடுத்து ‘திரும்பக் கிடைக்கும் டெபாசிட்’ என்று கேட்டுக்கொண்டே போவார்கள், வண்டி வராது. ராணுவம், துணை ராணுவம் என்று சொல்லி, மாற்றலைக் காரணம் காட்டிப் பணம் பறிப்பது நாடு முழுக்கப் போலீசார் பல ஆண்டுகளாக எச்சரித்துவரும் மோசடி. சீருடை மீது நமக்குள்ள மரியாதைதான் அவர்களுக்கு முதலீடு. உங்களுக்கு வந்த அட்டையும் ஆர்.சி.யும் அசலின் படங்களாகவே இருக்கலாம். வேறொருவரிடம் வண்டி வாங்குவதுபோல் பேசிக் கேட்டு வாங்கியிருப்பார்கள். அதனால் படத்தை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தாலும் பயனில்லை.

இணையத்தில் வாங்குவது தப்பில்லை. எதை முதலில் பரிசோதிப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பழைய கார் என்றதும் மெக்கானிக்கைத் தேடுகிறோம். கிளட்சோ சஸ்பென்ஷனோ போயிருந்தால் சில பத்தாயிரங்களில் சரிசெய்துவிடலாம். விற்பவருக்கு விற்கும் உரிமையே இல்லையென்றால் கொடுத்த மொத்தமும் போகும். உரிமையில்லாதவரிடம் வாங்கியவருக்குப் பொதுவாக உரிமை வராது என்பதுதான் சரக்கு விற்பனைச் சட்டத்தின் விதி. திருட்டு வண்டி என்று தெரிந்தால் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விடும். நல்லெண்ணத்தில் வாங்கினேன் என்று சொன்னால் வண்டி உங்களுடையதாகிவிடாது. ஃபைனான்ஸ் பாக்கி இருந்தாலும் சிக்கல்தான்: கடன் கொடுத்தவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். எனவே எஞ்சினுக்கு முன்னால் பெயரைப் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள பெயர், உங்கள் எதிரில் நிற்பவரின் பெயர், பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயர் – மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் உரிமையாளர் பெயர் பாதி மறைந்துதான் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க அந்தச் சில எழுத்துகளே போதும்.

மூன்று பெயர் என்று வற்புறுத்துவதற்குக் காரணம், நேரில் போய் வண்டியைப் பார்த்தவர்களையே ஏமாற்றும் ஒரு வித்தை. உண்மையான ஒருவர் போட்ட விளம்பரத்தை இடையில் ஒருவன் நகலெடுத்து, விலையைக் குறைத்துத் தன் எண்ணோடு மறுபடி போடுவான். வாங்க வருபவரிடம், ‘வண்டி என் மச்சானுடையது, போய்ப் பாருங்கள், விலை மட்டும் அவரிடம் பேசாதீர்கள்’ என்பான். வண்டிக்காரரிடம், ‘என் ஆள் வருகிறார், விலை நான் பேசிக்கொள்கிறேன்’ என்பான். இருவரும் ஒரே காரின் பக்கத்தில் நின்று திருப்தியாகத் தலையாட்டுவார்கள். பணம் மூன்றாவது ஆளின் கணக்குக்குப் போகும். அங்கே கார் உண்மை, ஆர்.சி. உண்மை, உரிமையாளரும் உண்மை. கணக்கின் பெயர் மட்டும்தான் பொய். அந்த ஒன்றைப் பார்த்திருந்தால் பணம் தப்பியிருக்கும். விலை பேசாதே என்று யாராவது சொன்னால், முதல் வேலையாக விலையைத்தான் பேச வேண்டும்.

‘பெயர் மாற்றம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், 29, 30 ஃபார்மில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்’ என்பது நம் பக்கத்தில் சாதாரணம். காலங்காலமாக இப்படித்தானே நடக்கிறது என்று கேட்பீர்கள். பதிவேட்டில் பெயர் இருப்பவரே சட்டப்படி உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வண்டி பல கை மாறியிருந்தது. ஆனால் பெயர் மாறவில்லை, பொறுப்பு முதல் ஆளிடமே நின்றது. அப்படியானால் உடனே பெயரை மாற்றிவிட வேண்டும் என்ற அவசரம், வாங்கும் உங்களைவிட விற்கிற நேர்மையான ஆளுக்கு அதிகம் இருக்க வேண்டும். அந்த அவசரமே இல்லாத விற்பனையாளரைச் சந்தேகிக்க வேறு காரணம் தேவையில்லை. ஆகவே டோக்கன் அட்வான்ஸைத் தவிருங்கள்; பெரும்பகுதிப் பணத்தைப் பெயர் மாற்ற விண்ணப்பம் பதிவாகும் நாளில், இருவரும் சேர்ந்திருக்கும்போது, வங்கி வழியாகக் கொடுங்கள். அதற்குள் வேறு ஆள் வாங்கிவிட்டால்? வாங்கட்டும். பழைய ஸ்விஃப்டுக்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை.

பெரிய நிறுவனங்களிடம் வாங்கினால் இந்தக் கவலை இல்லையே என்பது இன்னொரு வாதம். ஓரளவு உண்மை. 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி டீலர்கள் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் பெற வேண்டும். விற்பவர் டீலரிடம் வண்டியை ஒப்படைத்ததைப் பதிவு செய்துவிட்டால் அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். அந்த அங்கீகாரச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். அது இருந்தாலும் வண்டியின் கடந்தகாலத்தை நீங்கள்தான் தோண்ட வேண்டும்.

நம் விழுப்புரம் மாவட்டத்தில் முக்கியமாகத் தோண்ட வேண்டியது வெள்ளத்தை. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த ஒரே நாளில் மயிலத்தில் 51 செ.மீ. மழை கொட்டியது. தண்ணீரில் மூழ்கிய கார்களைக் கழுவித் துடைத்தால் வெளியில் ஒன்றும் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள்; அடியில் சேற்றுக் கறை நிற்கும். ஸ்டெப்னியைத் தூக்கி அதன் பள்ளத்தைப் பாருங்கள். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். பிறகு இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளைம் போனஸ் எவ்வளவு என்று பாருங்கள். கிளைம் இல்லாத முதல் ஆண்டுக்கு 20 சதவீதம். ஐந்து ஆண்டில் அது 50 ஆகும். ஒரே கையில் ஏழெட்டு ஆண்டு ஓடிய வண்டியில் பூஜ்யம் இருந்தால், கிளைம் வாங்கியிருக்கலாம் அல்லது பாலிசி விட்டுப்போயிருக்கலாம். எது என்று கேளுங்கள்.

பி.ஒய். வண்டி மலிவாக இருப்பதற்கு நேர்மையான காரணமும் உண்டு. புதுச்சேரியில் என்.ஓ.சி. வாங்கி, விழுப்புரத்தில் வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரி கட்டி, புது எண் எடுக்க வேண்டும். அந்தத் தொகையையும் அலைச்சலையும் கூட்டிப் பார்த்தால் மலிவில் பெரும்பகுதி கரைந்துவிடும். விலை பேசுவதற்கு முன்பே வரித் தொகையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

போன 5,000-க்கு இன்றே 1930 என்ற எண்ணை அழையுங்கள், சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியுங்கள். பணம் போன கணக்கை முடக்கக் கேட்பதற்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பரிவர்த்தனை எண், வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரத்தின் படம் எதையும் அழிக்காதீர்கள். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி கியூ.ஆர். கோடு அனுப்பினால் ஸ்கேன் செய்யாதீர்கள். பணம் வாங்க யு.பி.ஐ.யில் ரகசிய எண் போட வேண்டியதே இல்லை.