நிலைக்கால் வளைவை நகலெடுக்க

கேள்வி: எங்களுடையது பழைய கட்டடம். ஹாலுக்கு வினைல் ஷீட் போடுகிறோம். தேக்கு நிலைக்காலின் வளைவு நெளிவுக்குச் சரியாக வெட்ட வரவில்லையே?
– வாசகி, மாட்டுங்கா

பதில்: அதற்கென்றே கான்டூர் கேஜ் இருக்கிறது. நாக்தேவி தெரு ஹார்டுவேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். சீப்புப் பல் மாதிரி நெருங்கி நிற்கும் ஊசிகளை நிலைக்காலின் அடியில், தரையை ஒட்டி, நேராக அழுத்துங்கள். ஒவ்வொரு ஊசியும் மரம் தடுத்த இடத்தில் நின்றுவிடும். பூட்டு வைத்ததாக வாங்குங்கள். இல்லையென்றால் எடுக்கும்போதே உருவம் கலையும். பாலிஷ் போட்ட தேக்கில் இரும்பு ஊசி கீறும், பிளாஸ்டிக்கே நல்லது.

பலரும் தவறுவது இங்கேதான்: வரையும்போது கேஜைக் குப்புறப் போட்டால் இடம் வலமாகிவிடும். மேல்பக்கம் மேலேயே இருக்க, மரத்தைத் தொட்ட முனைகளை ஒட்டிப் பென்சிலை ஓட்டுங்கள். முதலில் அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்த பிறகே ஷீட்டில் கத்தி.